பெனகல் நரசிங்கராவ்

இந்திய அரசியல் சட்டத்தை இயற்றியவர் யாவர் என்று வினவினால், பள்ளி மாணவரும் டாக்டர் அம்பேத்கரின் பெயரைத் தயங்காது கூறுவர். அது பொருத்தமான விடையே. வரைவுக் குழுவின் தலைவராக அமர்ந்து, ஒவ்வொரு பிரிவின்மீதும் எழுந்த ஐயங்களுக்கு அவையில் விடையிறுத்து, சட்டத்தை நிறைவேற்றித் தந்தவர் அவரே. ஆயினும் அக்குழு வெற்றுத்தாளை முன்வைத்துக்கொண்டு தன் பணியைத் தொடங்கவில்லை. 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவு ஒன்று அதன் முன் வைக்கப்பட்டிருந்தது. அதனை எழுதியவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர் அல்லர். அச்சபையில் எழுந்து பேசும் உரிமையோ வாக்களிக்கும் உரிமையோ அவருக்கு இல்லை. அப்பணிக்காக அவர் ஊதியமும் பெற்றிலர். அவர்தாம் பெனகல் நரசிங்கராவ். சர் பி. என். ராவ் என்பது உலகம் அவரை அறிந்த பெயர்.

மேலைக் கடற்கரையில் உள்ள மங்களூரில் 1887ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் நரசிங்கராவ் பிறந்தார். தென்கன்னட மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது; 1956இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோதுதான் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. கொங்கணி மொழி பேசும் குடும்பம் அவருடையது. தந்தையார் இராகவேந்திரராவ் புகழ்பெற்ற மருத்துவர். தம்பியருள் ஒருவரான இராமராவ் பிற்காலத்தில் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 1949 முதல் 1957 வரை விளங்கினார். மற்றொரு தம்பியாகிய சிவராவ் பத்திரிகையாளராய்ப் புகழ்பெற்று, அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் உறுப்பினராகவும் அமர்ந்தார். தமையனார் எழுதிய வரைவின்மீது தம்பிக்கு வாக்கு இருந்தது. எழுதிய தமையனாருக்கு இல்லை.

மங்களூரில் கானரா உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நரசிங்கராவ், சென்னை மாகாணம் முழுவதிலும் முதல் மாணவராகத் தேறினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், பௌதிகம், வடமொழி ஆகிய மூன்றிலும் முதல் வகுப்பில் 1905இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்றார். மொழி கற்பார்க்கு அறிவியல் ஏன் என்றும், அறிவியல் கற்பார்க்கு இலக்கணம் ஏன் என்றும் வேலி கட்டிக்கொள்ளும் நம் காலத்து மாணவர் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சட்டத்தின் ஒரு தொடரில் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எங்ஙனம் திரியும் என்பதை இலக்கணம் கற்றவர் அறிவர். ஒரு கொள்கையிலிருந்து அடுத்த கொள்கை எங்ஙனம் பிறக்கும் என்பதைக் கணிதம் கற்றவர் அறிவர். நரசிங்கராவுக்கு இவ்விரண்டும் கைவந்திருந்தன.

உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்ற அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் கணிதம் பயின்று 1909இல் தேறினார். அதே கல்லூரியில் அக்காலத்தில் பயின்றுகொண்டிருந்த மற்றோர் இந்திய மாணவர் ஜவஹர்லால் நேரு. நாற்பதாண்டுகள் கழித்து ஒருவர் தலைமை அமைச்சராகவும், மற்றவர் அவருடைய அரசின் தூதராகவும் ஆகப் போகின்றனர் என்பதை அன்று யார் அறிவார்!

இந்திய சிவில் சர்வீஸ் எனப்படும் ஐ.சி.எஸ். தேர்வு அக்காலத்தில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடந்து சென்று, பிறமொழியில் எழுதி, அந்நாட்டு மாணவரோடு போட்டியிட்டு வெல்ல வேண்டும். அங்ஙனம் வென்ற இந்தியர் சிலரே. நரசிங்கராவ் அத்தேர்வில் வென்று, வங்காள மாகாணத்தில் பணியேற்றார். சில காலம் ஆட்சித்துறையில் இருந்தபின் நீதித்துறைக்கு மாறிக் கீழை வங்கத்து மாவட்டங்களில் நீதிபதியாக வீற்றிருந்தார். 1925இல் அஸ்ஸாம் மாகாணம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே சட்டத்துறைச் செயலாளராகவும் சட்டசபையின் செயலாளராகவும் ஏறத்தாழ எட்டாண்டுகள் பணிபுரிந்தார். 1933இல் அம்மாகாணத்தின் நிதி உரிமைகளை எடுத்துரைக்க இலண்டனுக்குச் சென்று, பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடினார்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய வேளையில் பெரும் பணி ஒன்று எழுந்தது. மாகாணங்களின் அதிகாரம் மாறியமையால், அதற்கு முன் இயற்றப்பட்ட சட்டங்கள் அனைத்தையும் புதிய அமைப்புக்கு ஏற்பத் திருத்த வேண்டியதாயிற்று. எவ்வெச் சட்டத்தில் அரசாங்கம் என்ற சொல் வருகிறதோ அங்கெல்லாம் அது தில்லி அரசாங்கத்தைக் குறிக்கிறதா, மாகாண அரசாங்கத்தைக் குறிக்கிறதா என்று ஆராய்ந்து மாற்ற வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பிழைநீக்கிப் பதிப்பிப்போர் இவ்வுழைப்பின் அருமையை அறிவர். நரசிங்கராவ் அதனை முடித்துத் தந்தார். 1938இல் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. அடுத்துக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

உயர்நீதிமன்றத்தில் அவர் அமைதியாக அமர்ந்திருக்க இயலவில்லை. அரிய சிக்கல் எது தோன்றினும் அரசு அவரையே நாடியது. அவற்றுள் இரண்டினை இங்கே கூறுதல் தகும்.

முதலாவது ஆற்று வழக்கு. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே பக்ராவில் அணை கட்டப் பஞ்சாப் மாகாணம் திட்டமிட்டது. அவ்வணை எழுந்தால் கீழே சிந்து நதியின் வெள்ளத்தை நம்பிப் பாயும் கால்வாய்கள் வறண்டுபோகும் எனச் சிந்து மாகாணம் முறையிட்டது. காவிரி நாட்டில் வாழும் நமக்கு இவ்வழக்கு புதிதன்று. மேல்மடைக்காரன் ஆறு தன் நிலத்தின் வழியே ஓடுவதால் நீரெல்லாம் தனக்கே என்பான்; கடைமடைக்காரன் தொன்றுதொட்டு வந்த நீரில் ஒரு துளியும் குறைதல் ஆகாது என்பான். 1941இல் அமைந்த விசாரணைக் குழுவின் தலைவராக நரசிங்கராவ் இரண்டு பொறியியல் வல்லுநருடன் அமர்ந்து, 1942இல் அறிக்கை அளித்தார். இவ்விரு கொள்கைகளுள் எதனையும் அவர் முழுதாக ஏற்கவில்லை. ஆறு செல்லும் நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி, அனைவர்க்கும் நியாயமான பங்கு கிடைக்குமாறு நீரைப் பகிர்தலே முறை என்றார். வழக்காடுவதைவிடத் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளுதல் மேல் என்பதும் அவர் கருத்து. சிந்து மாகாணத்தில் புதிய அணைக்கட்டுகள் வேண்டும் எனவும், அச்செலவில் ஒரு பகுதியைப் பஞ்சாப் ஏற்றல் வேண்டும் எனவும் பரிந்துரைத்தார். இரு மாகாணங்களும் இத்தீர்ப்பை ஒப்பவில்லை. ஒப்பாமலே சில ஆண்டுகள் கழிந்தன. 1947இல் நாடே பிளவுண்டது. மாகாணங்களின் வழக்கு இரு நாடுகளின் வழக்காயிற்று. 1960இல் தான் சிந்து நதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இரண்டாவது இந்து சட்டத்தைத் தொகுக்கும் பணி. திருமணம், சொத்துரிமை முதலியவற்றில் ஊருக்கு ஒரு வழக்கமும் நூலுக்கு ஒரு விதியுமாக இருந்த நிலையை ஒழுங்குசெய்ய 1941இல் ஒரு குழு அமைந்தது. அது மீண்டும் 1944இல் புதுப்பிக்கப்பட்டது. இருமுறையும் நரசிங்கராவே தலைவர். சென்னையின் சட்ட அறிஞர் டி. ஆர். வெங்கடராம சாஸ்திரியாரும் இரண்டாம் குழுவில் இருந்தார். சென்னை உட்படப் பல நகரங்களுக்குச் சென்று, ஆதரிப்போர் கூற்றையும் எதிர்ப்போர் கூற்றையும் குழு கேட்டது. எதிர்ப்புச் சிறிதன்று, குழுவின் உறுப்பினர் ஒருவரே மாறுபட்ட கருத்தை எழுதினார். ஆயினும் ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதும் வரைவில் இடம்பெற்றன. மகளுக்கு அன்று எழுதப்பட்டது மகன் பெறுவதில் பாதிப் பங்கே. 1955, 1956ஆம் ஆண்டுகளில் பாராளுமன்றம் நிறைவேற்றிய இந்து சட்டங்களுக்கு இவ்வுழைப்பே அடித்தளம். பரம்பரைக் குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதிலும் 2005இலும் வந்தது. பாதியிலிருந்து முழுமைக்கு வரப் பெண்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

1944இல் பணியினின்று ஓய்வு பெற்ற அவரைக் காஷ்மீர் மன்னர் தம் தலைமை அமைச்சராக்கினார். மன்னருக்கும் அவருக்கும் கருத்து ஒத்துவரவில்லை. மனம் ஒவ்வாத இடத்தில் பதவிக்காக நிற்பவரல்லர் அவர், 1945இல் விலகினார்.

1946ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராக அவர் அமர்ந்தார். சபை முதன்முதல் கூடியது அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள். இடையிலிருந்த திங்கள்களில் அவர் உலகின் பல நாடுகளது அரசியல் சட்டங்களை ஆராய்ந்து, உறுப்பினர் படித்தற்கெனத் தொகுதிகளாக அச்சிட்டு வழங்கினார். அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர், அயர்லாந்தில் அரசின் நெறிமுறைக் கொள்கைகள் எவை, கனடாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரம் எங்ஙனம் பகிரப்பட்டுள்ளது என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. பின்னர் வினாக்களை அனுப்பி உறுப்பினரின் கருத்தைக் கேட்டார். சபையின் குழுக்கள் தங்கள் முடிவுகளை அறிவித்தபின், அவற்றையெல்லாம் ஒருமைப்படுத்தி 1947 அக்டோபரில் முதல் வரைவை முடித்தார். அதனை வைத்துக்கொண்டு அம்பேத்கர் தலைமையிலான குழு, தமிழ்நாட்டு அறிஞர்களாகிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார் முதலியோருடன் கூடி ஆராய்ந்தது. 1948 பிப்ரவரியில் குழு வெளியிட்ட வரைவில் 315 பிரிவுகள் இருந்தன; 1949 நவம்பர் 26இல் சபை நிறைவேற்றிய சட்டத்தில் 395 பிரிவுகள். ஆகவே நரசிங்கராவ் எழுதியது அப்படியே சட்டமாயிற்று எனல் பொருந்தாது. அவரின்றி அச்சட்டம் பிறந்தது எனலும் பொருந்தாது. அம்பேத்கர் தம் இறுதி உரையில் அவருக்கு உரிய நன்றியை வெளிப்படக் கூறினார். அவர் ஊதியமின்றி உழைத்தமையை மறுநாள் சபைத் தலைவர் இராஜேந்திர பிரசாத் எடுத்துரைத்தார்.

அவர் சொன்னவற்றையெல்லாம் சபை ஏற்றதும் இல்லை. ஏழைமக்களின் நலம்நாடும் நெறிமுறைக் கொள்கைக்கும் தனிமனிதனின் அடிப்படை உரிமைக்கும் முரண் நேருமாயின் நெறிமுறையே மேலோங்க வேண்டும் என்று அவர் விரும்பினார், குழு மறுத்துவிட்டது. ஆனால் அவர் சொல்லி ஏற்கப்பட்ட ஒன்று, நாட்டு மக்களின் விடுதலை உரிமையையே தொடுவதாயிற்று. அதனைச் சற்று விரித்துரைப்பேன்.

எந்த மனிதனுடைய உயிரையும் உரிமையையும் உரிய சட்டநெறியின்றிப் பறித்தல் ஆகாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஒரு விதி. உரிய நெறி என்னும் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, அந்நாட்டு நீதிபதிகள் ஒரு சட்டம் நியாயமானதா, அன்றா என்றே தீர்ப்புக் கூறலாயினர். நம் சபையும் முதலில் அத்தொடரையே ஏற்றிருந்தது. 1947இன் இறுதியில் நரசிங்கராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்றார். அமெரிக்க உச்சநீதிமன்றத்து நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் அவரிடம் அத்தொடர் வேண்டாம் என்றார். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையின் முடிவை ஒரு சில நீதிபதிகள் தள்ளிவிடுதல் மக்களாட்சிக்கு ஒவ்வாது என்பது அவர் எண்ணம். தொழிலாளர் நலச் சட்டங்கள் பல அந்நாட்டில் அவ்வாறே வீழ்ந்தன. நில உடைமையைச் சீர்திருத்த வேண்டிய இந்தியாவில் அந்நிலை வரலாகாது என நரசிங்கராவும் கருதினார். அவருடைய எடுத்துரைப்பால் வரைவுக் குழு அத்தொடரை நீக்கி, சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை என்று எழுதியது. ஜப்பானின் புதிய அரசியல் சட்டத்தில் உள்ள வாசகம் அது. அல்லாடி அதனை ஆதரித்தார். முன்ஷி முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். முடிவில் அதுவே 21ஆம் பிரிவாக நின்றது.

சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு திங்கள் ஆகுமுன் அதன் விளைவு தெரிந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். அவர் தொடுத்த வழக்கில், சட்டசபை இயற்றிய சட்டத்தின் நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று ஆராய்வது தன் வேலையன்று என உச்சநீதிமன்றம் 1950 மே திங்களில் தீர்ப்பளித்தது. நிலமற்ற உழவனைக் காக்க எண்ணி மாற்றிய சொல், சிறையில் இருந்தவனைக் காவாது விட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் அந்நீதிமன்றம், சட்டத்தின் நெறிமுறை நேர்மையும் நியாயமும் உடையதாதல் வேண்டும் என்று பொருள் விரித்தது. நரசிங்கராவின் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வொரு செய்தியில் அவருடைய கணிப்புத் தவறியது என்றே யான் கருதுகிறேன். பெரியோர் வரலாற்றைப் படிப்போர் இத்தகைய இடங்களை மறைத்துச் செல்லுதல் நன்றன்று.

பர்மா நாட்டவரும் தம் அரசியல் சட்டத்தை எழுத அவருடைய துணையை நாடினர். 1947இல் அந்நாட்டுச் சட்ட ஆலோசகர் தில்லிக்கு வந்து அவரோடு அமர்ந்து உழைத்தார்.

இனி அவருடைய தூதுப்பணியைக் காண்போம். 1948 முதல் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்ற அவர், 1949 முதல் 1952 வரை அங்கே இந்தியாவின் நிலைத்த பிரதிநிதியாக விளங்கினார். 1950, 1951ஆம் ஆண்டுகளில் இந்தியா பாதுகாப்புச் சபையில் உறுப்பு நாடாக இருந்தது. சபையின் தலைமைப் பதவி, நாடுகளின் பெயர்கள் ஆங்கில நெடுங்கணக்கில் அமைந்த வரிசைப்படி, திங்கள்தோறும் ஒரு நாட்டிற்கு வரும். 1950 மே திங்களில் பிரான்சு, ஜூனில் இந்தியா, ஜூலையில் நார்வே. இவ்வரிசையால் பெரும்பொறுப்பு ஒன்று நரசிங்கராவின்மீது வந்து விழுந்தது.

ஜூன் 25ஆம் நாள் விடியலில் வடகொரியப் படைகள் 38ஆவது அட்சரேகையைக் கடந்து தென்கொரியாவினுள் புகுந்தன. நியூயார்க் நகருக்கு அண்மையில் லேக் சக்சஸ் என்னும் ஊரில், முன்பு போர்க்கருவிகள் செய்த தொழிற்சாலைக் கட்டடத்தில், பாதுகாப்புச் சபை உடனே கூடியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பதினோர் இருக்கைகளுள் ஒன்று வெறுமையாக இருந்தது. சீனாவின் இடம் புதிய சீன அரசுக்குத் தரப்படாமையைக் கண்டித்துச் சோவியத் ருஷ்யா வாராதிருந்தது. போரை நிறுத்துக, வடகொரியப் படை எல்லைக்குத் திரும்புக என்னும் தீர்மானம் வந்தது. தில்லிக்கு எழுதி விடை பெறப் பொழுதில்லை. தலைமை இருக்கையில் இருந்த நரசிங்கராவ், தம் அரசு அதனையே விரும்பும் எனத் துணிந்து ஆதரித்து வாக்களித்தார். ஒன்பது நாடுகள் ஆதரித்தன. யூகோஸ்லாவியா நடுநிலை வகித்தது.

இரண்டு நாள் கழித்து 27ஆம் நாள் சபை மீண்டும் கூடியது. தென்கொரியாவுக்குப் படைத்துணை முதலிய உதவிகளை உறுப்பு நாடுகள் அளிக்க வேண்டும் என்பது இம்முறை வந்த தீர்மானம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் வான்படைக்கும் கடற்படைக்கும் அதற்குள்ளாகவே கட்டளையிட்டுவிட்டார். முதல் தீர்மானம் போரை நிறுத்தச் சொல்வது. இஃதோ போரில் புகச் சொல்வது. தீர்மானம் நிறைவேற ஏழு வாக்குகள் வேண்டும். பிற்பகலில் கூடிய சபை இந்தியாவும் எகிப்தும் தத்தம் அரசின் ஆணையைப் பெறட்டும் என்று இரவுவரை காத்திருந்தது. உலகமே நோக்கிக்கொண்டிருந்தது. தலைவராய் அமர்ந்திருந்தவர் கை தூக்கியிருந்தால் யாரும் குறைகூறியிரார். அன்றைய வல்லரசுகள் புகழ்ந்துமிருக்கும். ஆணை வரவில்லை. நரசிங்கராவ் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை, எகிப்தும் அவ்வாறே. யூகோஸ்லாவியா எதிர்த்தது. சரியாக ஏழு வாக்குகளால் தீர்மானம் நிறைவேறியது.

வள்ளுவனார் தூது என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ? அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகையினராகப் பிரிப்பர். தலைவன் கருத்தறிந்து, சொல்ல வேண்டியதைத் தாமே அமைத்துப் பேசுவோர் ஒரு வகையினர். தலைவன் சொல்லியனுப்பியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சென்று சொல்வோர் மற்றொரு வகையினர். எப்போது முதல் வகையினராதல் வேண்டும், எப்போது இரண்டாம் வகையினராதல் வேண்டும் என்று தெரிந்துகொள்வதே கடினம். நரசிங்கராவ் ஞாயிற்றுக்கிழமை ஒருவகையாகவும் செவ்வாய்க்கிழமை மற்றொரு வகையாகவும் நின்றார். போரை நிறுத்துக என்று தாமே சொல்லலாம். நாட்டைப் போரில் இணைக்கும் சொல்லைத் தாமே சொல்லுதல் ஆகாது என்பது அவர் கண்ட எல்லை.

ஜூன் 29இல் இந்திய அரசு அத்தீர்மானத்தை ஏற்பதாக அறிவித்தது. எனினும் போர்ப்படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. காயமுற்றோரைக் காப்பதே அதன் கடமை.

அவ்வாண்டின் இறுதியில் சீனப் படைகள் போரில் இறங்கின. உலகப்போர் மீண்டும் மூளுமோ என்று மக்கள் அஞ்சினர். டிசம்பர் 14இல் ஐ.நா. பொதுச்சபை போர்நிறுத்தத்திற்கு வழிகாண மூவர் குழு ஒன்றை நியமித்தது. ஈரான் நாட்டு என்தேசாம், கனடா நாட்டு பியர்சன், நரசிங்கராவ் ஆகியோர் அம்மூவர். லேக் சக்சஸுக்கு வந்திருந்த சீனத் தூதரோடு நரசிங்கராவ் பலமுறை உரையாடினார். குழு வகுத்த வழியைச் சீனா ஏற்கவில்லை. 1951 பிப்ரவரி முதல் நாள், சீனாவை ஆக்கிரமிப்பாளன் எனக் கண்டிக்கும் தீர்மானம் பொதுச்சபையில் வந்தது. கண்டித்துவிட்டு எப்படிச் சமாதானம் பேசுவது என்பது இந்தியாவின் கேள்வி. 44 நாடுகள் ஆதரிக்க, இந்தியாவும் பர்மாவும் சோவியத் அணியைச் சேர்ந்த ஐந்து நாடுகளும் எதிர்த்தன. எந்த அணியையும் சேராத நாடு, ஓர் அணியோடு சேர்த்து எண்ணப்படும் பழியை அன்று ஏற்றது. அவ்வாக்கினால் அமெரிக்காவில் இந்தியாமீது எழுந்த சினம் சிறிதன்று. அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டே அதனைத் தாங்கியவர் நரசிங்கராவ்.

1951 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தின் நீதிபதியாக அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1952 பிப்ரவரியில் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பொறுப்பேற்றார். ஒன்பதாண்டுப் பதவியில் இரண்டாண்டுகள் நிறையும் முன்னரே கொடிய புற்றுநோய் அவரை வாட்டியது. 1953 ஜூலை 27இல் கொரியாவில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. போர்க்கைதிகளைத் திருப்பியனுப்பும் நடுநிலை நாடுகளின் குழுவுக்கு இந்தியா தலைமை ஏற்றது. மூவர் குழு தேடிக் காணாத அமைதி, இரண்டரை ஆண்டுகள் கழித்து வந்ததை அவர் நோயுற்ற நிலையில் அறிந்தார். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

தமையனாரின் குறிப்புகளையும் கட்டுரைகளையும் தொகுத்துச் சிவராவ் 1960இல் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னர் அரசியல் சட்டம் உருவான வரலாற்றுக்குரிய ஆவணங்களைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தபோது, 1947 அக்டோபர் வரைவையும் அவற்றுள் சேர்த்தார். பெரிய நூலகங்களில் அத்தொகுதிகள் உள்ளன. உயிரையும் உரிமையையும் பற்றிய பிரிவை அவ்வரைவில் தேடிப் படிப்போர், எழுதியவரே பின்னர் வேண்டாம் என்று நீக்கச் சொன்ன அத்தொடரை, அவர் முதலில் எழுதிய இடத்திலேயே காண்பர்.